நிலக்கரிச் சுரங்க அபராதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது? கேள்வி பதில்

அமெரிக்காவின் 1977 திறந்தவெளிச் சுரங்கச் சட்டப்படி, தோண்டிய நிலத்தைச் சீரமைக்காத நிறுவனங்களுக்கு விதிக்கப்படும் அபராதம் பற்றி வந்த கேள்விகள் இவை. கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் தங்கள் சொந்த விதிகளின்படி இதை நடத்துகின்றன. நான் சொல்வது மத்திய அரசின் முறை.

சட்ட மாணவி: தொகையை அதிகாரி தன் விருப்பப்படி முடிவு செய்வாரா?

இல்லை, புள்ளிக் கணக்கு உண்டு. பழைய மீறல்களுக்கு 30 வரை, பாதிப்பின் கடுமைக்கு 30 வரை, கவனக்குறைவுக்கு 25 வரை. உடனடியாகச் சரிசெய்தால் 10 புள்ளி வரை கழியும். மொத்தம் 31 தொட்டால் அபராதம் கட்டாயம். அதற்குக் கீழே, விதிப்பதா வேண்டாமா என்பது அதிகாரியின் முடிவு. ஆனால் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்திருந்தால் எத்தனை புள்ளி என்றாலும் அபராதம் உண்டு.

சுரங்கப் பொறியாளர்: ஒரு உதாரணம் போட்டுக் காட்ட முடியுமா?

சுரங்கத்துச் சேற்றுநீரைத் தேக்கி மண்ணைப் படியவைக்கும் வண்டல் குட்டையின் கரை உடைந்து, சேற்றுநீர் பெர்மிட் எல்லையைத் தாண்டி ஓடையில் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடந்த ஓராண்டில் ஆளுக்கு ஒரு மீறலோடு இரண்டு நோட்டீஸ்: 2. தீங்கு நடந்தே விட்டது: 15. எல்லைக்கு வெளியே பாதிப்பு என்பதால் 8 முதல் 15 வரை போடலாம், 9 என்று கொள்வோம். கரையைச் சரியாகப் பார்க்காத கவனக்குறைவுக்கு 8. ஆக 34. எத்தனை புள்ளிக்கு எவ்வளவு என்று முதலில் வகுத்த அட்டவணைப்படி 1,400 டாலர். பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தியதால் இன்றைய தொகை இன்னும் அதிகம்.

அதே நிறுவனம் இரவோடு இரவாக ஆட்களை இறக்கி, நோட்டீஸில் சொன்ன கெடுவுக்கு முன்பே கரையைக் கட்டி முடித்து 6 புள்ளி கழிந்தால் 28. அட்டவணையில் 800 டாலர், அதுவும் அதிகாரி விதித்தால்தான். எனக்கு இந்த விதியில் மிகவும் பிடித்த இடம் இது. ஓடைக்கு வேண்டியது சீக்கிரம் கட்டிய கரைதான்.

அதே பொறியாளர்: ஓட்டுநரோ ஒப்பந்தக்காரரோ செய்த தவறு என்றால்?

தளத்தில் வேலை செய்யும் எல்லாருடைய செயலும் நோட்டீஸ் பெற்றவர் கணக்கில்தான் சேரும். வேண்டுமென்றே நாசவேலை செய்தார்கள் என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு.

ஆய்வு மாணவர்: முந்தைய நோட்டீஸுக்கு அபராதமே விதிக்கவில்லை. அதுவும் எண்ணப்படுமா?

எண்ணப்படும். நோட்டீஸில் உள்ள மீறல் ஒவ்வொன்றுக்கும் 1, நிறுத்த உத்தரவில் இருந்தால் 5. மேல்முறையீட்டில் இருப்பதும் ரத்தானதும் சேராது. ஓராண்டுக்கு மேல் பின்னே போய்ப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் இது மிகக் குறைவு. ஒரு மலைச்சரிவு மறுபடி பசுமையாக அதைவிட எத்தனையோ ஆண்டுகள் ஆகும்.

இன்னொரு வாசகர்: அபராதத்தைக் கட்டிவிட்டுச் சீரமைக்காமல் விட்டால்?

அங்கேதான் சட்டம் இறுகும். கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் தனி அபராதம். 1977 சட்டத்தில் குறைந்தது 750 டாலர். 30 நாள் வரை இப்படி ஏறும். அதற்குமேலும் சரிசெய்யாவிட்டால் அரசு வேறு நடவடிக்கைக்குப் போகும்.

அவரே: தொகை அநியாயம் என்று தோன்றினால்?

30 நாளுக்குள் முதலில் முறைசாராக் கூட்டம் கேளுங்கள், அதற்குப் பணம் கட்ட வேண்டாம். முறையான விசாரணை வேண்டுமானால் முழுத் தொகையையும் முன்பணமாகச் செலுத்த வேண்டும். வென்றால் வட்டியோடு திரும்ப வரும்.