ஒடிசாவிலிருந்து வந்து வேலூரில் ஒப்பந்தத் துப்புரவு வேலை செய்பவர்கள் சங்கம் வைக்க முடியுமா?

தாராளமாக முடியும். சொந்த ஊர் எது, ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்றெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை. பதிவுக்கு விண்ணப்பிக்க 7 பேர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் அந்த நிறுவனத்திலோ தொழிலிலோ வேலை செய்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ, அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அது கைகூடாவிட்டால், ஏற்கெனவே பதிவான சங்கத்தில் சேருங்கள். எனக்கு அதுவே நல்ல வழியாகப் படுகிறது, ஏனென்றால் ஒப்பந்ததாரர் மாறினாலும் சங்கம் நிற்கும்.

முதல் கூட்டத்தில் எல்லோரையும் சம்பளச் சீட்டு கொண்டு வரச் சொல்லுங்கள். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா, பிடித்ததைக் கட்டுகிறார்களா? பிஎஃப் பாஸ்புக்கை ஃபோனிலேயே பார்க்கலாம். பிடித்த பணம் கணக்கில் ஏறவில்லை என்பதைத் தனியாளாகக் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. முப்பது பேர் பாஸ்புக்கோடு போய்க் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அப்புறம் ஒன்று. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால், வேலை வாங்கும் நிறுவனம்தான் தர வேண்டும். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இது இருந்தது, அதற்குப் பதிலாக வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. ஆஸ்பத்திரியோ லாட்ஜோ "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

கூட்டத்தில் ஒடியாவும் தமிழும் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். புரியாத தாளில் யாரையும் கையெழுத்துப் போட வைக்காதீர்கள்.