மருத்துவர், செவிலியர் தேவையை எப்படி முன்கணிக்கிறார்கள்?

பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் எத்தனை மருத்துவர்களும் செவிலியர்களும் பணியில் இருப்பார்கள், அப்போது எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்ற இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு, இடைவெளியை முன்னதாகவே அறிவதுதான் இந்த முன்கணிப்பு.

இதற்குக் காரணம் பயிற்சிக் காலம். சிறப்பு மருத்துவர் ஒருவர் உருவாகப் பத்தாண்டுகள்கூட ஆகலாம் என்பதால், பற்றாக்குறை கண்ணில் பட்ட பிறகு கல்லூரி இடங்களைக் கூட்டினால் அதன் பலன் மிகத் தாமதமாகவே கிடைக்கும்.

இருப்புக் கணக்கைத் தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிடலாம். படித்து முடித்து வருவோரும் வெளிநாட்டிலிருந்து வருவோரும் உள்ளே விழும் நீர் என்றால், ஓய்வு பெறுவோரும், நாட்டை விட்டுச் செல்வோரும், பணிச்சுமை தாங்காமல் விலகுவோரும் வெளியேறும் நீர். பெரும்பாலும் உள்ளே வரும் குழாயை அகலமாக்குவது பற்றியே பேசுகிறோம். கசிவை அடைப்பது அதைவிட விரைவாகப் பலன் தரக்கூடும்.

தேவைக் கணக்குதான் கடினமானது. மக்கள்தொகை மாறாவிட்டாலும், முதியோரின் பங்கு கூடி, நீரிழிவு போன்ற நீண்டகால நோய்கள் பெருகினால் தேவை உயரும். மேலும், நோயுற்றோர் அனைவரும் சிகிச்சையை நாடுவதில்லை. செலவுக்கு அஞ்சி ஒதுங்குவோரைக் கணக்கில் சேர்ப்பதா என்பதைப் பொறுத்தே விடை பெரிதும் மாறிவிடும்.

2030-இல் உலகில் 1.8 கோடி சுகாதாரப் பணியாளர்கள் குறைவாக இருப்பார்கள் என்று 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2022-இல் வெளியான மதிப்பீடு அதை ஏறத்தாழ 1 கோடியாகக் குறைத்தது.

பதிவேட்டில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையே இருப்பு என்று பலர் கருதுவது தவறு. அவர்களில் சிலர் பகுதிநேரமாக உழைப்பதாலும், சிலர் தொழிலையே விட்டுவிட்டதாலும், உண்மையில் கிடைக்கும் பணிநேரத்தைத்தான் கணக்கிட வேண்டும்.