யோனாவின் எரிச்சல்

அன்புள்ள ஐயா,

பழைய ஏற்பாட்டில் கோபக்காரக் கடவுள், புதிய ஏற்பாட்டில் அன்பான கடவுள். சிறுவயதிலிருந்து இப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். போன வாரம் என் மகள், கடவுள் வெள்ளத்தால் உலகை அழித்த நோவா கதையைக் கேட்டுவிட்டு, "இவரும் இயேசுவோட அப்பாவும் ஒரே ஆளா?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் கேட்டது பழைய கேள்வி. இரண்டாம் நூற்றாண்டில் மார்க்கியோன் என்பவர் இருவரும் வெவ்வேறு கடவுள்கள் என்றே சொல்லி, எபிரேய வேதமான பழைய ஏற்பாட்டை முழுக்கத் தள்ளினார். கி.பி. 144 வாக்கில் ரோமாபுரித் திருச்சபை அவரை விலக்கியது. விலக்கி என்ன, நம் பிரசங்கங்களில் பாதி இன்னும் அவர் சொன்னதுதான். ஓய்வுநாளில் சூம்பின கையைக் குணமாக்கும் முன் இயேசு சுற்றிலும் கோபத்துடன் பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார். வெளிப்படுத்தல் நூலிலோ இயேசுவைக் குறித்து "ஆட்டுக்குட்டியானவருடைய கோபம்" என்றே வருகிறது. இவற்றை ஞாயிறு பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை.

எபிரேயத்தில் கோபத்துக்கு ஒரு சொல் 'அஃப்'. மூக்கு என்றும் பொருள். நம் ஊரில் மூக்கின் நுனியில் கோபம் என்கிறோமே, அதே மூக்கு. சீனாய் மலையில் கடவுள் தம்மைப் பற்றிச் சொல்லும்போது 'எரெக் அப்பாயிம்' என்கிறார்: நீண்ட மூக்குடையவர், கோபம் ஏற நேரமாகும். தமிழ் வேதாகமம் அதை 'நீடிய சாந்தம்' என்றது. இரக்கத்துக்கான 'ரகமிம்' என்ற சொல்லுக்கு உறவான 'ரெகெம்' கருப்பையைக் குறிக்கும். கோபம் மூக்கில், இரக்கம் வயிற்றில். அதே வாக்கியம் குற்றவாளியைத் தண்டியாமல் விடமாட்டேன் என்றும் தொடர்கிறது. வெட்டிப் பிரிக்க இடமில்லை.

இந்த வாக்கியத்தைக் கடவுளின் முகத்தில் திருப்பி எறிந்தவர் யோனா. நினிவே நகரை எச்சரிக்கக் கடவுள் அனுப்பியபோது ஓடிப்போய், மீனின் வயிற்றில் கிடந்து, பிறகு போன தீர்க்கதரிசி. நினிவே மனந்திரும்பி, அழிவு நின்றதும், "நீர் இரக்கமுள்ளவர் என்று அறிவேன், அதனால்தான் முதலிலேயே ஓடினேன்" என்று சண்டை பிடிக்கிறார். அவரை அற்பமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். நினிவே அசீரியாவின் பெருநகரம். அசீரியர் கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவை வீழ்த்தினார்கள். 701இல் யூதாவின் லாகீஸ் நகரைப் பிடித்த அசீரிய அரசன் சனகெரிப், கழுவேற்றப்பட்ட யூதர்களைக் கல்லில் செதுக்கித் தன் நினிவே அரண்மனைச் சுவரில் பதித்தான். அந்தக் கற்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதெல்லாம் தெரிந்த ஒருவன் யோனாவின் கதையைக் கேட்டால் யார் பக்கம் நிற்பான்?

பழைய ஏற்பாட்டிலேயே உள்ள நாகூம் நூலும் நினிவேயைப் பற்றியதுதான். அங்கே அந்த வாக்கியம் சுருங்கி, மாறி வருகிறது: "நீடிய சாந்தமும், மிகுந்த வல்லமையும்." யோனா சொன்னதில் கிருபை இருந்த இடத்தில் வல்லமை. கி.மு. 612இல் நகரம் விழுந்தது. இரண்டு நூல்களையும் ஒரே தொகுப்பில் வைத்தவர்களுக்கு முரண் தெரியாமலா இருந்திருக்கும்?

பழைய ஏற்பாட்டில் அமலேக்கியர் என்ற பகை இனத்தாரின் குழந்தைகளையும் கொல்லச் சொல்லும் பகுதிக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். பலர் அதற்குத் தரும் விளக்கங்கள் எனக்கு ஒட்டவில்லை.

மகளோடு யோனா நான்காம் அதிகாரத்தை வாசியுங்கள். ஞாயிறு பள்ளியில் மீனோடு கதையை முடித்துவிடுகிறோம். தனக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி வாடியதற்கு யோனா கோபித்துக்கொள்ளும் இடம் அவளுக்குச் சிரிப்பு மூட்டும். "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ?" என்ற கேள்வியைக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமானவர்களும் "அநேக மிருகஜீவன்களும்" இருக்கிற நகரத்துக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கடவுள் கேட்பதோடு நூல் முடிகிறது. யோனா பதில் சொல்வதில்லை. மாடுகள் ஏன் கணக்கில் வந்தன என்று மகள் கேட்பாள். என்ன சொன்னீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.