கல் பாவுவதற்கு முன் பத்திரத்தைப் படியுங்கள்

வணக்கம். இங்கிலாந்தில் நீங்கள் வாங்கிய புது வீட்டின் முன்தோட்டத்தில், இரண்டாவது காரை நிறுத்தக் கல் பாவ முனைந்தபோது பக்கத்து வீட்டார் தடுத்ததாகவும், கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) அனுமதியே தேவையில்லை என்று கல் பாவ வந்த வேலைக்காரர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அவர் சொன்னது பாதிதான் உண்மை. 2008 அக்டோபர் முதல், மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்படி தளம் அமைத்தால் பொதுவாக அனுமதி வேண்டியதில்லை. நீர் இறங்காத தளம் 5 சதுர மீட்டரைத் தாண்டி, நீரும் தெருவுக்கு ஓடினால் வேண்டும். ஆனால் புதுக் குடியிருப்புகளில் இந்தச் சலுகையையே கவுன்சில் நிபந்தனை போட்டு நீக்கியிருப்பதுண்டு.

அதைவிட முக்கியமானது உங்கள் கிரயப் பத்திரம். முன்பகுதியைத் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்ற வரி அதில் இருந்தால், கவுன்சில் சம்மதித்தாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தும். அந்த வரியை வைத்து வழக்குத் தொடரும் உரிமை சில இடங்களில் பக்கத்து வீட்டாருக்கும் உண்டு. எங்கள் தெருவில் ஒருவர், பாவிய சாம்பல் நிறக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, மறுபடி புல் விரித்ததைப் பார்த்து மனம் கனத்தது.

கார் தெருவிலிருந்து ஏறி வர நடைபாதை ஓரக்கல்லைத் தாழ்த்துவதற்குத் தனி அனுமதி வேண்டும். பத்திரத்தை வழக்கறிஞர் பார்க்கும்வரை வேலையை நிறுத்திவையுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் வரைபடத்தோடு ஒருமுறை நேரில் பேசுங்கள்.