ரத்தத்தில் கால்சியம் நார்மல், தோலில் மட்டும் எப்படிப் படிந்தது?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை நோய் உண்டு, சில வருடங்களாக டயாலிசிஸ். இரண்டு மாதம் முன்பு தொடையில் வலை மாதிரி ஊதாக் கோடுகள் வந்து, அந்த இடம் கெட்டியானது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்கவில்லை, இப்போது கறுத்துப் புண்ணாகிவிட்டது. துணி பட்டாலே அலறுகிறார், சொந்தக்காரர்கள் மிகைப்படுத்துகிறார் என்கிறார்கள். பயாப்சியில் சிறு ரத்தக் குழாய்களில் கால்சியம், ரத்தக்கட்டி, கொழுப்புத் திசு அழிவு என்று எழுதி, ‘கால்சிஃபைலாக்சிஸ் ஆக இருக்கலாம்’ என்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் சரியாகத்தான் இருக்கிறது. இன்னொரு பயாப்சி எடுக்கலாமா?

பதில்: அம்மா மிகைப்படுத்தவில்லை, அதை முதலில் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள். தோலில் தெரிவதற்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லாத அளவுக்கு வலிப்பதுதான் இந்த நோயின் முக்கிய அடையாளம், சிலருக்குத் தோலில் எதுவும் தெரிவதற்கு முன்பே வலி தொடங்கிவிடும். கால்சிஃபைலாக்சிஸ் என்றால், தோலுக்கும் அதன் அடியிலுள்ள கொழுப்புக்கும் போகிற நுண்ணிய குழாய்களில் கால்சியம் படிந்து, அவை அடைபட்டு, அந்தப் பகுதி ரத்தமில்லாமல் சாகிறது. முதலில் ஊதா வலை, அப்புறம் தொட்டால் கெட்டியான தடிப்பு, பிறகு ஓரம் கோணல்மாணலாக இருக்கும் கறுப்புப் பொருக்கு. கொழுப்பு அதிகமுள்ள தொடை, வயிறு, பிட்டம், மார்பகம் ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வரும், விரல் நுனியிலும் வரலாம். ஆரம்பத்தில் இதைத் தோல் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுப்பது அடிக்கடி நடப்பதுதான்.

சரி, கால்சியம் விஷயம். ரத்தப் பரிசோதனை காட்டுவது அன்றைக்கு ரத்தத்தில் இருப்பதை மட்டும்தான், குழாய்ச் சுவரில் படிவதோ நீண்ட நாளாக நடக்கிற வேலை. இந்த நோய் வந்தவர்களில் பலருக்குக் கால்சியம், பாஸ்பரஸ் இரண்டுமே நார்மலாக இருக்கும். படியாமல் தடுக்கும் ஒரு புரதம் குழாய்ச் சுவரிலேயே இருக்கிறது, அது வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை அந்த வைட்டமினைத்தான் முடக்குகிறது. அம்மா அதைச் சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள் (செயற்கை இதய வால்வு உள்ளவருக்கு அது பெரிய ஆபத்து), வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று சிறுநீரக மருத்துவரிடமும் இதய மருத்துவரிடமும் கேளுங்கள்.

பயாப்சி ரிப்போர்ட்டில் குழாயில் கால்சியம் என்ற ஒரு வரி மட்டும் இருந்திருந்தால் நான் தயங்கியிருப்பேன், ஏனென்றால் வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸ் செய்பவர்கள் பலருக்கு இந்த நோய் இல்லாமலே அப்படி இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் மூன்றும் சேர்ந்திருக்கிறது: குழாய்ச் சுவரின் நடு அடுக்கில் கால்சியம், குழாய்க்குள் ரத்தக்கட்டி, சுற்றிலும் செத்த கொழுப்பு. கால்சியம் சன்னமாக இருந்தால் சாதாரணச் சாயத்தில் தப்பிவிடும், வான் கோசா என்ற சாயம் போட்டால் கறுப்பாகத் தெரியும். அந்தச் சாயம் போட்டார்களா என்று கேளுங்கள், போடவில்லை என்றால் ஏற்கெனவே எடுத்த துண்டிலேயே போட்டுப் பார்க்கலாம். வியர்வைச் சுரப்பியைச் சுற்றிக் கால்சியம் இருந்தால், இந்த நோய்தான் என்பது இன்னும் உறுதியாகும்.

அதனால் இன்னொரு பயாப்சி வேண்டாம் என்பதே என் கருத்து. ரத்தமே போகாத தோலில் வெட்டினால் வெட்டிய இடமே புதுப் புண்ணாகிவிடலாம், மேலாக எடுத்தால் நோய் இருக்கிற கொழுப்பு வரை போகாமல் ‘ஒன்றுமில்லை’ என்று வந்து எல்லோரையும் குழப்பும்.

சிகிச்சையில் சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்தை டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரத்தில் நரம்பு வழியாக ஏற்றுவார்கள், வழக்கமான அளவு 25 கிராம், எடை குறைந்தவர்களுக்கு அதில் பாதி. குமட்டல் வரும். இதற்கான ஆதாரம் அவ்வளவு வலுவானதல்ல, ஆனாலும் பெரும்பாலோர் இதைத்தான் தொடங்குகிறோம். கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி இரண்டையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும், பாராதைராய்டு ஹார்மோன் (ரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டுவது) மிக அதிகமென்றால் அதற்குத் தனி மருந்தோ அறுவையோ உண்டு. இன்சுலின் ஊசியைத் தடிப்புள்ள இடத்தில் போடாதீர்கள். வலிக்கு மார்ஃபின் சரிப்படாது, சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடலில் அதன் கழிவு தங்கிவிடும், ஃபென்டனில் போன்றவற்றைக் கேளுங்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், இது கடுமையான நோய். புண் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள், பெரும்பாலும் புண்ணிலிருந்து ரத்தத்துக்குப் பரவும் தொற்றினால். எனவே காய்ச்சல், குளிர் நடுக்கம், புண்ணில் நாற்றம், திடீர்க் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.