உழவர் கேள்வி – பதில்: சாயும் கிச்சிலிச் சம்பா

கேள்வி: பரம்பரையாகக் கிச்சிலிச் சம்பா பயிரிடுகிறோம். யூரியாவைக் கூட்டினால் பால் பிடிக்கும் பருவத்தில் பயிர் சாய்ந்துவிடுகிறது. அரிசியின் தரம் குறையாமல் விளைச்சல் மட்டும் கூடும் ரகத்தை உருவாக்க முடியாதா?
– வாசகர், ஆத்தூர், சேலம் மாவட்டம்

பதில்: பயிர் சாய்வதற்கு முதற்காரணம் அதன் உயரம். யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் நெட்டை ரகங்கள் இன்னும் வளர்ந்து, கதிரின் பாரம் தாங்காமல் விழுந்து, பதராகின்றன. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர்.8, இந்தோனேசியாவின் பீட்டா என்ற நெட்டை ரகத்தையும் தைவானின் குட்டை ரகம் ஒன்றையும் ஒட்டுச் சேர்த்து உருவானது. தண்டு குட்டையானதால் உரத்தை ஏற்ற பிறகும் நிமிர்ந்து நின்றது. விளைச்சல் பெருகினாலும், அரிசி தடித்திருந்ததால் சன்ன அரிசி உண்டு பழகியவர்களுக்கு அதன் சோறு பிடிக்கவில்லை. வேண்டிய குணத்தோடு வேண்டாதவையும் சேர்ந்து வருவதுதான் ஒட்டுச் சேர்க்கையின் சிக்கல்.

அச்சிக்கல் இன்று பெரிதும் தளர்ந்திருக்கிறது. ஐதராபாத்தின் நெல் ஆராய்ச்சியாளர்கள், சம்பா மசூரியின் சன்ன அரிசியை அப்படியே காத்து, பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்க்கும் மூன்று மரபணுக்களை மட்டும் அதில் சேர்த்தனர். கலப்பில் பிறந்த பயிரைத் தாய் ரகத்தோடு மீண்டும் மீண்டும் சேர்த்து, தலைமுறைதோறும், வேண்டிய மரபணு இருப்பதைக் காட்டும் மரபணுக் குறியீடுகளைக் கொண்டு தேர்ந்தெடுத்ததால் இது கைகூடியது. கிச்சிலிச் சம்பாவுக்குக் குட்டைத் தண்டைக் கொடுக்கவும் இதே வழி பொருந்தும். நம் பகுதியின் சொத்தான அந்த நெல்லுக்கு இப்பணி அவசியம் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை யூரியாவைக் குறையுங்கள். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால், தழைச்சத்தின் ஒரு பகுதி மண்ணிலேயே கிடைக்கும். மேலுரத்தை, இலையின் பச்சை நிறத்தைக் கொண்டு தழைச்சத்துத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டை பார்த்தே இடுங்கள். முழுதாக விரிந்த மேலிலையை உங்கள் உடல் நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும், வெயிலில் பார்த்தால் நிறம் ஏமாற்றும். தண்ணீரையும் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டுங்கள்: மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டபின் மறுபடி பாய்ச்சினால் நீர் மிச்சமாகும், வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனும் குறையும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடாதீர்கள்.

கேள்வி: வீட்டு விதையையே விதைக்கலாமா?
– வாசகர், வாழப்பாடி

பதில்: வீரிய ஒட்டு ரகமென்றால் கூடாது, அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். மற்ற ரகங்களின் விதையைக் கலவன் (வேற்று ரகப் பயிர்) நீக்கிய வயலிலிருந்து எடுத்து, முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்த நீரில் இட்டு, மிதப்பவற்றை அகற்றுங்கள். அடியில் தங்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். உப்புத் தங்கினால் முளைப்பு கெடும்.