சாப்பாட்டு மேசையில் வாட்டர்லூ

கேள்வி: என் 12 வயது மகனுக்கு நெப்போலியன் என்றால் உயிர். பொம்மை வீரர்களை வைத்து இருவரும் வாட்டர்லூ போரை ஆட ஆசைப்படுகிறோம். எங்களிடம் இருப்பது 4 அடிக்கு 3 அடி சாப்பாட்டு மேசை. எந்த அளவு வீரர்களை வாங்கலாம்? விதிப் புத்தகங்களைப் புரட்டினால் தலை சுற்றுகிறது. எளிய விதிகள் உண்டா?

பதில்: 6 மி.மீ. உயர வீரர்களை வாங்குங்கள் அம்மா.

28 மி.மீ. வீரனைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. சட்டைப் பொத்தான்கூடத் தெரியும். நானும் அதில்தான் தொடங்கினேன். 24 பேர் கொண்ட ஒரு பிரெஞ்சு பட்டாலியனுக்கு (காலாட்படைப் பிரிவு) வண்ணம் பூச மூன்று வாரம் பிடித்தது. இரண்டு வரிசையாக நிறுத்தியபோது 24 செ.மீ. அடைத்துக்கொண்டது. உங்கள் மேசையில் ஐந்து பட்டாலியன் நின்றால் இடம் தீர்ந்தது. பக்கவாட்டில் சுற்றிவந்து தாக்க வழியே இல்லை. வாட்டர்லூ களத்தின் நடுவே இருந்த லா ஹே சாந்த் பண்ணைவீட்டை, பிரிட்டன் பக்கம் நின்ற சுமார் 400 ஜெர்மானிய வீரர்கள் காத்து நின்ற சண்டையை மட்டும் ஆடுவதென்றால் 28 மி.மீ. அருமை. படைகள் திரண்டு நகர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் சிறியதுதான் சரி. 1/72 அளவு (நிஜ ஆளில் 72-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் வீரர்கள் விலை குறைவு. ஆனால் துப்பாக்கி வளைய வளைய வண்ணம் உரியும்.

6 மி.மீ. வீரர்களுக்கு 3 செ.மீ. சதுர அட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் 12 வீரர்கள். இது ஒரு பட்டாலியன். மேசையில் 1 செ.மீ. என்பது போர்க்களத்தில் 20 மீட்டர். மூன்று வரிசையாக நின்ற 600 பிரெஞ்சு வீரர்கள் நூறு மீட்டருக்குச் சற்று மேல் இடம் பிடிப்பார்கள். அட்டைகளின் 6 செ.மீ. அதற்குப் பொருந்தும். துப்பாக்கி 5 செ.மீ. வரை எட்டும், பீரங்கி 40 செ.மீ. நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தன் படையை மறைத்த மேட்டுக்கு, புத்தகங்களை அடுக்கிப் பச்சைத் துணி போர்த்துங்கள்.

விதிகளில் எதைக் குறைத்தாலும் மூன்று அணிவகுப்புகளைக் குறைக்காதீர்கள். அட்டைகள் பக்கத்தில் பக்கமாக இருந்தால் வரிசை: 6 செ.மீ. நகரும், சுடும்போது 4 பகடை. ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் பத்தி: 12 செ.மீ. நகரும், 1 பகடை. முதுகோடு முதுகு சேர்த்தால் சதுரம்: நகராது, 2 பகடை, குதிரைப்படையால் உடைக்க முடியாது. 5, 6 விழுந்தால் அடி. பீரங்கிக்கு 2 பகடை. பத்தியையும் சதுரத்தையும் சுட்டால் 4. அடிபட்ட பட்டாலியன் உடனே ஒரு பகடை உருட்டட்டும். அதுவரை வாங்கிய மொத்த அடிகளின் எண்ணிக்கையோ அதற்குக் குறைவோ விழுந்தால் ஒரு நகர்வு பின்வாங்க வேண்டும். நான்காவது அடியில் மேசையை விட்டு வெளியே.

பின்வாங்கும் விதியை என் நண்பர்கள் சிலர் தவிர்ப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காலப் படைகள் பெரும்பாலும் கடைசி ஆள்வரை நின்று சாகவில்லை. மனம் உடைந்தே கலைந்தன.

வாட்டர்லூ போர் நடந்த 1815 ஜூன் 18 மாலை நெப்போலியனின் தளபதி நே குதிரைப்படையை மட்டும் அலை அலையாக ஏவினார். போதிய காலாட்படையும் பீரங்கியும் கூடப் போகவில்லை. வெலிங்டனின் சதுரங்கள் அசையவில்லை. உங்கள் மகனும் முதல் ஆட்டத்தில் அப்படித்தான் செய்வான், தடுக்காதீர்கள். இரண்டாவது ஆட்டத்தில் குதிரைகளைக் காட்டி உங்களைச் சதுரமாக்கிவிட்டுப் பீரங்கியை முன்னால் தள்ளிக்கொண்டு வருவான்.

ஆளுக்கு ஆறு பட்டாலியன், இரண்டு குதிரைப்படை, ஒரு பீரங்கி போதும். பிரெஞ்சுப் படையை அவனுக்கே கொடுங்கள்.